டர்பன் வேப்பிலையும் தொண்ணூற்றாறு குழித் தட்டும்

புனித வெள்ளியன்று தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தெருமுனையிலேயே இலை வாசம் வந்துவிடும். மஞ்சள் நீர்க் குடத்தின் வாயில் இலை, கரகத்தைச் சுற்றி இலை, அருள் வந்து ஆடும் பெண்களின் இரண்டு கையிலும் இலை. கரும்புத் தோட்டத்து வெள்ளைக்காரன் விடுமுறை கொடுத்த நாள் அதுதான் என்பதால் அம்மன் விழா அந்த நாளில் நிலைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சென்ற முறை நான் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற அம்மாளின் கைக்கொத்திலிருந்து ஓர் இணுக்கு என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வேப்பிலைக்கு ஒரே ஈர்க்குதான். அதன் இருபுறமும் அரிவாள்போல் வளைந்த இலைகள் வரிசை பிடித்திருக்கும். என் கையில் இருந்ததிலோ நடு ஈர்க்கே கிளைத்து, கிளையிலிருந்து மறுபடி குட்டி ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் இலைகள் இருந்தன. அது வேம்பு இல்லை. மலைவேம்பு. இந்த ஊர் வழக்கில் சிரிங்கா.

(தமிழ்நாட்டில் மலைவேம்பு என்ற பெயரை இதன் நெருங்கிய உறவான இன்னொரு மரத்துக்கும் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் நம்பி மரம் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.)

டர்பன் இருக்கும் இந்த நட்டால் மாநிலத்தில் இதைக் குற்றமாக யாரும் சொல்ல முடியாது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்தது. அதில் வந்தவர்களும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் வந்துகொண்டிருந்தவர்களும் அம்மனைக் கொண்டுவந்தார்கள். வேப்பமரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வர முடியவில்லை. இங்கே சாலையோரமெல்லாம் சிரிங்கா நின்றது. அதே குடும்பத்து மரம், அதே கசப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் அதே சாயல். அம்மனும் மறுப்புச் சொல்லவில்லை. வேம்பு இன்றும் இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. சிரிங்காவோ அழிக்கப்பட வேண்டிய ஆக்கிரமிப்பு மரம் என்று அரசுப் பட்டியலில் ஏறும் அளவுக்குப் பெருகிவிட்டது.

வழிபாட்டோடு நின்றால் எழுத ஒன்றுமில்லை. கைப்பேசிக் குழுவில் சித்தி ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வேப்பிலைச் சாறு இத்தனை வகைக் கிருமிகளைக் கொல்கிறது, அதன் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றல் (ஆன்டிஆக்சிடன்ட் என்கிறார்களே, அது) இத்தனை சதவீதம், ஆய்வில் நிரூபணம் என்றெல்லாம் இருந்தது. கீழே அவருடைய கேள்வி: “தம்பி, நம் கோயில் மரத்திலேயே பறித்து அரைத்துக் குடிக்கலாம்தானே?”

குடிக்காதீர்கள் சித்தி என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஏன் என்பதை ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அந்தச் செய்தி பொய்யும் இல்லை. வேப்பிலையில் அப்படியான சோதனைகள் ஏராளமாக நடந்திருக்கின்றன. முடிவுகளும் ஏறக்குறைய அப்படித்தான். இதைவிடச் சங்கடம், சிரிங்கா இலைச் சாற்றையும் அதே சோதனையில் இட்டால் அதுவும் தேறிவிடும். ஆனால் சிரிங்காவின் காயில் மெலியாடாக்சின் என்ற நச்சுகள் இருக்கின்றன. காயைத் தின்ற பன்றிகள் செத்திருக்கின்றன, குழந்தைகள் வாந்தியும் வலிப்புமாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் நச்சின் அளவும் மாறும். மருந்தையும் நஞ்சையும் ஒரே மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி பெறவைக்கும் அந்தச் சோதனைதான் என்ன என்று பார்த்துவிடலாம்.

நான் ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் உதவியாளனாக இருந்தவன். தட்டு கழுவியதுதான் அதிகம்; ஆனாலும் கண் எதிரே நடந்ததைச் சொல்ல முடியும். பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, ஆக 96. பணியாரச் சட்டியைச் சுருக்கிச் சுருக்கிப் பொம்மைக்குச் செய்துகொடுத்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர், ஏறக்குறைய இரண்டு துளி. இலையை உலர்த்திப் பொடித்து, ஒரு கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பான் பறந்துபோன பிறகு அடியில் கரும்பச்சைப் பிசினாகத் தங்குவதுதான் சாரம். அதை மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் மறுபடி கரைத்து, முதல் வரிசைக் குழியில் 100 மைக்ரோலிட்டர் விடுவோம். கலக்கி, பாதியை எடுத்துக் கீழ்க் குழிக்கு. அங்கே கலக்கிப் பாதியை அதற்கும் கீழே. எட்டாவது வரிசை வரை இப்படியே பாதி பாதியாக நீர்த்துக்கொண்டு போகும். பிறகு எல்லாக் குழியிலும் பாக்டீரியா வளர்த்த திரவம் அதே அளவு. இப்போது மேல் குழியில் மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் சாரம் இருக்கும். அடிக் குழியில் 0.02.

மூடி, 37 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் வந்து நிறமற்ற ஒரு சாயத்தைச் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். உயிரோடு வளரும் பாக்டீரியா அந்தச் சாயத்தைச் செவ்வரளி நிறமாக்கிவிடும். வளர்ச்சி தடைபட்ட குழி நிறம் மாறாமல் கிடக்கும். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, எந்தக் குழியோடு தெளிவு முடிந்து சிவப்பு தொடங்குகிறது என்று குறிப்போம். தெளிவாக இருந்த கடைசிக் குழியின் அளவுதான் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. கட்டுரைகளில் அட்டவணை அட்டவணையாக வரும் எண் அதுதான். அந்தச் சிவப்பு எல்லையைக் காலையில் முதலில் பார்ப்பதில் ஒரு கிளர்ச்சி உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பரீட்சை முடிவு ஒட்டிய பலகைக்கு ஓடுவது போலத்தான்.

இந்த முறையைத் தாவரச் சாறுகளுக்கென்று செப்பனிட்டு 1998-இல் வெளியிட்டவர் நம் நாட்டுக்காரரே: பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் எலோஃப். அதற்கு முன் பெரும்பாலோர் கையாண்டது, அகார்க் களியில் பாக்டீரியாவைப் பரப்பி நடுவில் சாறு தோய்த்த காகித வட்டை வைத்து, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் வெற்றிடம் விழுகிறது என்று அளக்கும் முறை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள பொருள் களியில் ஊர்ந்து பரவாது. நல்ல மருந்தும் சிறிய வட்டம் போட்டுத் தோற்கும். இன்றும் பல கட்டுரைகள் அந்த மில்லிமீட்டரை வைத்தே பெருமை பேசுகின்றன.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஓர் இலைச் சாறு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமில் கிருமியைத் தடுத்தது என்று கட்டுரை சொல்கிறது, சித்தியின் செய்தி அதைத்தான் “கொல்கிறது” என்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 42 லிட்டர் நீர் இருக்கிறது. அந்த நீர் முழுவதும் அதே செறிவை எட்ட 42 கிராம் சாரம் வேண்டும். உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாரமாக இறங்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 420 கிராம் காய்ந்த இலை. அதையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும், குடல் அத்தனையையும் உறிஞ்ச வேண்டும், கல்லீரல் ஒரு துளியைக்கூடச் சிதைக்காமல் வழிவிட வேண்டும். நடக்கிற கதையா? மருந்துக்கடை ஆன்டிபயாடிக்குகள் அவற்றுக்கு அடங்கும் கிருமியைப் பெரும்பாலும் ஒரு சில மைக்ரோகிராமிலேயே தடுத்துவிடுகின்றன. சில ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தைக் குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் கைக்கணக்கில் தாண்டிவிட முடியாது. ஆண்ட்வெர்ப் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு கோடு கிழித்தார்கள்: மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்யாத சாறு மேற்கொண்டு ஆராயத் தக்கதல்ல. கண்டிப்பான கோடுதான். எனக்குப் பிடித்த கோடும்கூட.

கிருமிகளும் ஒரே சாதி இல்லை. தோலில் சீழ் கட்டவைக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் போன்றவை தடித்த சுவரோடு இருந்தாலும் சல்லடை மாதிரி உள்ளே விடும். ஈ. கோலை போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அதையும் மீறி உள்ளே போனதைப் பிடித்து வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. ஆகவே தாவரச் சாறுகள் முதல் வகையிடம் வீரம் காட்டிவிட்டு இரண்டாம் வகையிடம் சுருண்டுவிடுவது எந்த அட்டவணையைப் புரட்டினாலும் தெரியும். நுண்ணுயிர் எதிர்ப்புத் தன்மை உடையது என்று ஒரு தாவரத்தைப் பற்றிப் படித்தால் எந்த நுண்ணுயிர் என்று கேளுங்கள். பாதிக் கட்டுரைகள் அந்த இடத்தில் இளைத்துப்போகும்.

எந்தக் கரைப்பான் என்பது அடுத்த கேள்வி. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் ருசியானது. நம் வைத்தியத்தில் இது புதிதும் இல்லை. கசாயம் வேறு, தைலம் வேறு, சூரணத்தைத் தேனில் குழைப்பது வேறு, நெய்யில் காய்ச்சுவது வேறு என்று பிரித்து வைத்தவர்களுக்கு, எந்தப் பொருள் எதில் இறங்கும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. தண்ணீரில் துவர்ப்புப் பொருள்களும் சர்க்கரையும் நுரைக்கும் சப்போனின்களும் இறங்கும். மஞ்சளின் மஞ்சள் தண்ணீரில் இறங்க மறுக்கும். எண்ணெயில் பட்டதும் ஓடிவந்துவிடும். எலோஃப் பல கரைப்பான்களை ஒப்பிட்டுப் பார்த்து அசிட்டோனைத் தேர்ந்தெடுத்தார்: பலவகைப் பொருள்களைக் கரைக்கும், எளிதில் பறந்துபோகும், தண்ணீரோடு கலக்கும், பாக்டீரியாவை அதுவாகக் கொன்று கணக்கைக் கெடுக்காது. நகப்பூச்சைத் துடைக்கும் அதே அசிட்டோன். இம்மண்ணின் சூலு இன வைத்தியர்கள் பெரும்பாலும் தண்ணீரில்தான் காய்ச்சுகிறார்கள் அல்லது ஊறவைக்கிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் உள்ள நட்டால் பல்கலைக்கழகத்தில் 1990களில் இந்நாட்டு மூலிகைகளை வரிசையாகச் சோதித்தபோது, கிருமித் தடுப்பு பெரும்பாலும் மெத்தனால் சாற்றில்தான் தெரிந்தது. தண்ணீர்ச் சாறுகள் பெரும்பாலும் வெறுமையாகவே போயின.

இதிலிருந்து வைத்தியன் ஏமாற்றுக்காரன் என்று ஒருவர் முடிவு கட்டலாம், வைத்தியனுக்குத் தெரிந்ததை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று இன்னொருவர் முடிவு கட்டலாம். இரண்டும் அவசரம். ஆய்வகம் சோதித்தது வைத்தியன் கொடுத்த கசாயத்தையே அல்ல என்பதுதான் அங்கே உள்ள செய்தி. சீனத்தில் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது ஒரு செடியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு சரிவர வேலை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டுக் கைப்பிரதி ஒன்றில், இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருந்தது. காய்ச்சு என்று இல்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தட்டியது. குறைந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்தார். ஆர்ட்டெமிசினின் வந்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. ஒரு வினைச்சொல்லில் தொங்கியது எல்லாம். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடிதான் நம் மாநிலத்துச் சூலு மக்கள் சளிக்குக் காய்ச்சும் உம்ஹ்லோன்யானே. 2020-இல் கொரோனா பரவியபோது தெருவுக்குத் தெரு அதைக் கட்டுக்கட்டாக விற்றார்கள். உறவுச் செடிதான், ஆனால் ஆர்ட்டெமிசினின் தரும் செடி அது இல்லை. சிரிங்காவும் வேம்பும் மாதிரி.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு பக்கம் வந்தால் கதை இன்னும் வண்ணமயம். டி.பி.பி.எச். என்று ஒரு பொருள். கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அது எலக்ட்ரான் ஜோடியில் ஒன்று குறைந்து தவிக்கும் மூலக்கூறு, ஃப்ரீ ராடிக்கல். எதிரே வரும் மூலக்கூறு எதையாவது கொடுத்தால் ஊதா போய் வெளிர்மஞ்சள் ஆகிவிடும். பிளாய்ஸ் என்பவர் 1958-இல் இதை ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை அளக்கும் வழியாக முன்வைத்தார். மலிவு, அரை மணி நேர வேலை, நிறம் மாறுவதைக் குழந்தையும் பார்க்கலாம். மாணவர் ஆய்வேடுகளில் இது இல்லாத ஏடு அபூர்வம். துவர்ப்புள்ள எதைக் கொடுத்தாலும் தேறும்: தேயிலை, மாதுளைத் தோல், வாழைப்பூ, கொய்யா இலை. தேறாத இலையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அந்த ஊதா மூலக்கூறு நம் உடலில் எங்கும் கிடையாது என்பதுதான் தொல்லை. அமெரிக்க வேளாண் துறை உணவுப் பொருள்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு எண்களைப் பெரிய அட்டவணையாக இணையத்தில் வைத்திருந்தது. அந்த எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்கின்றன என்று சொல்லி 2012-இல் தானே எடுத்துவிட்டது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனின் கதை இதைவிடக் கசப்பு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. சோதனைக் குழாயில் நல்ல பிள்ளை, உடலுக்குள் வேறு பிள்ளை.

நம் நாட்டு ரூய்போஸ் தேநீரை இங்கே விட்டுவிட முடியாது. மேற்குக் கேப் மாநிலத்துச் சேடர்பர்க் மலைப்பக்கத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் விளையும் புதர் அது. அதன் பெட்டியில் எழுதியிருக்கும் பெருமைகளுக்குப் பாதிக் காரணம் அஸ்பலத்தின் என்ற பொருள். இலையைக் கசக்கிப் புளிக்கவைத்துச் சிவக்கவிடும்போதே அதில் பெரும்பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து போய்விடுகிறது. நாம் விரும்பிக் குடிக்கும் சிவப்பு நிறமே அந்த இழப்பின் நிறம். புளிக்கவைக்காத பச்சை ரூய்போஸில் அது நிறைய மிஞ்சுகிறது. ஆனால் குடித்ததில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. நான் தினமும் இரண்டு கோப்பை சிவப்புதான் குடிக்கிறேன். காபீன் இல்லை, தூக்கம் வருகிறது, போதும்.

அப்படியானால் செடிகள் எதற்காக இவற்றைச் செய்துவைக்கின்றன? நமக்காக இல்லை. ஓட முடியாத உயிர். பூச்சி கடித்தால் நின்றபடியே சண்டை போட வேண்டும், வெயிலில் நின்றபடியே காய வேண்டும். கசப்பும் காரமும் துவர்ப்பும் அதன் ஆயுதக் கிடங்கு. அதனால்தான் இவற்றில் பலவற்றை நம் உடலும் இலேசான நஞ்சாகவே பார்த்து, வேகமாக உருமாற்றி வெளியே தள்ளுகிறது. அந்தச் சிறு சீண்டலில் நம் உயிரணுக்கள் தங்கள் சொந்தக் காவல் நொதிகளைக் கூட்டிக்கொள்கின்றன. நன்மை ஏதாவது வந்தால் அந்த வழியில் வரலாம் என்று இப்போது பலர் எண்ணுகிறார்கள். மஞ்சளின் குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சோதனை எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண். நூற்றிருபதுக்கு மேல் மருத்துவச் சோதனைகள் நடந்த பிறகு, 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் அத்தனையையும் புரட்டிப் பார்த்து, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்து நடத்திய முறையான சோதனை ஒன்றுகூட வெல்லவில்லை என்று எழுதினார்கள். பல சோதனைகளில் அது கிருமியையோ நொதியையோ தடுப்பதுபோல் தோன்றுவதே அதன் நிறமும் ஒட்டும் குணமும் அளவுகோலைக் குழப்புவதால்தான் என்றும் காட்டினார்கள்.

ஆனால் இந்தத் தன்மைகள் சந்தேகமே இல்லாமல் வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அடுப்படி. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால். அந்தச் சங்கிலியை இடையில் அறுக்கும் பொருளைக் கலந்தால் எண்ணெய் நாள்படத் தாங்கும். ரோஸ்மேரி இலைச் சாரத்துக்கு ஐரோப்பாவில் உணவில் சேர்க்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்றே எண் கொடுத்திருக்கிறார்கள், ஈ392. டர்பன் வீடுகளில் மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகையும் மஞ்சளையும் எண்ணெயில் சுடவைத்து ஊற்றுவதும் இந்தக் கணக்கில் சேரும்: கடுகின் காரம், எண்ணெய் மேலே கட்டும் மூடி, உப்பு, புளிப்பு எல்லாம் சேர்ந்து கிருமியை உட்காரவிடாது. அங்கே செடிச்சாறு 42 லிட்டரில் கரைந்து காணாமல் போக வேண்டியதில்லை. ஜாடிக்குள்ளேயே இருக்கிறது. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் நிலைத்ததும் அதனால்தான். அதன் யூஜெனால் பல் மருத்துவரின் தற்காலிகச் சிமெண்டில் இன்றும் இருக்கிறது. தோலுக்கு மேல், வாய்க்குள், ஜாடிக்குள் என்றால் தட்டின் எண்ணை ஓரளவு நம்பலாம். விழுங்கிய பிறகு அது வேறு கணக்கு.

இந்த வேறு கணக்கை மறந்ததற்கு இந்த நாடு விலை கொடுத்திருக்கிறது. 1999 முதல் 2008 வரை நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மான்டோ சபலாலா-ம்சிமாங், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை, ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஊக்கமாகப் பரிந்துரைத்தார். வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் மக்களுக்குக் கிடைப்பது அந்த அரசால் தாமதமானது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அந்தத் தாமதத்தால் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள். அந்த “உருளைக்கிழங்கு” உருளைக்கிழங்கே அல்ல. மஞ்சள் நட்சத்திரப் பூ பூக்கும் புல்வெளிச் செடியின் கிழங்கு, சூலுவில் இன்கோம்ஃபே. அதில் உள்ள ஹைப்பாக்சோசைடு குடலில் ரூபெரால் ஆகிறது, ரூபெரால் வலுவான ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி. தட்டிலும் குழாயிலும் குறை சொல்ல முடியாது. 2005-இல் வந்த இன்னொரு குழாய்ச் சோதனை, எச்.ஐ.வி. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியில் இந்தச் சாறு கை வைக்கிறது, ஆகவே மருந்தின் அளவு தாறுமாறாகலாம் என்று எச்சரித்தது. பிறகு மனிதர்களுக்கே கொடுத்து ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். சோதித்த மருந்துகளின் அளவில் பொருட்படுத்தும்படி எதுவும் மாறவில்லை. புகழ்ச்சி மட்டுமா, பயமும்கூடக் குழாயிலிருந்து உடலுக்கு வரும் வழியில் கரைந்துபோகும்.

டர்பனில் வார்விக் சந்திப்பின் மேலே, முடிக்கப்படாமல் அந்தரத்தில் நின்ற நெடுஞ்சாலைப் பாலத்தில் மூலிகைச் சந்தை நடக்கிறது. நம்மவர்கள் சிலரும் நகரத்துக்குள் தலைமுறைகளாக முத்தி எனப்படும் சூலு மருந்துக் கடை நடத்தினார்கள். சூலு மூலிகைகளோடு கற்பூரமும் சாம்பிராணியும் ஒரே அலமாரியில் இருக்கும். பாலத்துச் சந்தையில் இசிபாஹா என்று கேட்டால் மிளகுப்பட்டை மரத்தின் சிவந்த பட்டை ஒன்றைத் தருவார்கள். நுனியைக் கடித்துப் பாருங்கள். முதலில் ஒன்றுமில்லை, பிறகு நாக்கின் நடுவில் மிளகு வெடித்ததுபோல் காரம் கிளம்பும். இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் அதுதான் பெயர்போனது. அந்தக் காரத்தைத் தரும் பாலிகோடியால், வார்பர்கனால் போன்ற பொருள்களுக்கே கிருமியைத் தடுக்கும் ஆற்றலும் இருக்கிறது; தட்டில் மானம் காத்த மூலிகைகளில் ஒன்று. அதுவே மரத்துக்கு எமன் ஆனது. பட்டையை வளையமாக உரித்துவிட்டால் மரம் நின்றபடியே சாகும். இந்த மாநிலத்துக் காடுகளில் அந்த மரத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. காட்டு இஞ்சி என்ற இன்னொரு மூலிகையைக் காட்டில் தேடுவதே வீண்.

தட்டுச் சோதனைக்கு நான் மனதாரக் கைதட்டும் இடம் இதுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் பட்டையின் சாற்றையும் இலையின் சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். பட்டைக்குப் பதில் இலையைக் கொடுக்கலாமா என்று 2000-இல் கட்டுரையும் எழுதினார்கள். மிளகுப்பட்டை மரத்தில் இலையும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தது. இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். யாருக்கும் நோய் தீர்த்துவிட்டதாக அந்தச் சோதனை சொல்லவில்லை. அது பதில் சொல்லக்கூடிய கேள்வியை அதனிடம் கேட்டார்கள். ஒரு குறை: காரம் பட்டையில்தான் என்று பழகிய வாடிக்கையாளர் இலைக்கு அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. பாலத்துக் கடைக்கார அம்மாவிடம் இலை இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

தட்டு குறைத்து மதிப்பிட்டதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. காசநோயோடு 1897-இல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த ஸ்டீவன்ஸ் என்பவர் பெலர்கோனியம் என்ற செடியின் வேர்க் கசாயத்தைக் குடித்துக் குணமானதாகச் சொல்லி, ஊர் திரும்பி அதை விற்றார். இன்று அந்த வேரின் சாரம் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் நெஞ்சுச் சளிக்குச் சொட்டுமருந்தாகக் கிடைக்கிறது. தட்டில் கிருமியைக் கொல்வதில் அது சுமார்தான். ஆனால் நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் சிறிதளவு பயன் இருக்கலாம் என்று தெரிகிறது, ஆதாரம் மெலிந்ததாக இருந்தாலும். கிருமி தொண்டைச் சுவரில் ஒட்டுவதைத் தடுப்பதாலும் உடலின் காவலை உசுப்புவதாலும் இருக்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் கொல்வதை மட்டுமே அளக்கும் தட்டில் அது எப்படித் தெரியும்? அந்த வேர்மேல் ஜெர்மன் கம்பெனி ஒன்று வாங்கிய காப்புரிமைகளில் ஒன்றைக் கிழக்குக் கேப் மாநிலத்து ஆலிஸ் ஊர் மக்கள் எதிர்த்தார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2010-இல் அதை ரத்துசெய்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

சித்தியின் கேள்விக்குத் திரும்புகிறேன். 96 குழிகளிலும் உயிரோடு இருந்தது பாக்டீரியா மட்டும்தான். அங்கே ஒரு குழந்தையின் கல்லீரல் இல்லை. நல்ல ஆய்வகங்கள் அதே சாற்றைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள்மேலும் விட்டு, கிருமியைத் தடுக்கும் அளவுக்கும் உயிரணுவைக் கொல்லும் அளவுக்கும் எத்தனை மடங்கு இடைவெளி என்று பார்க்கின்றன. இடைவெளி இல்லையென்றால் அது மருந்தில்லை, பினாயில். கட்டுரையில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். பல நேரம் இருக்காது. அசல் வேம்பும் அப்பாவி இல்லை. மலேசியாவில் 1980களின் தொடக்கத்தில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. புகட்டியவர்கள் அன்பாகத்தான் புகட்டியிருப்பார்கள்.

எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டிருந்தது. ஆயா வாசலில் சிரிங்காக் கொத்தைச் செருகினார். பாயில் இலையைப் பரப்பி என்னைக் கிடத்தினார். அரித்தால் நகத்தால் சொறியாதே, இலையால் வருடிக்கொள் என்றார். அம்மை வைரஸால் வருவது. பாக்டீரியாத் தட்டு எதைச் சொன்னாலும் அதற்குப் பொருந்தாது. ஆனால் வாசலில் கொத்தைப் பார்த்த தெருப் பிள்ளைகள் உள்ளே வரவில்லை, பள்ளிக்கூடம் பக்கம் நானும் போகவில்லை. நகம் படாததால் கொப்புளம் சீழ் பிடிக்கவில்லை. என் கன்னத்தில் தழும்பு ஒன்றே ஒன்றுதான். சொல் கேளாமல் சொறிந்த இடம். ஆயா அந்த இலையை ஒரு நாளும் எனக்கு அரைத்துக் கொடுத்ததில்லை. கசப்பு வேறு மாதிரி இருக்கிறது, இது நம் ஊர் மரம் இல்லை என்பார். இந்தியாவைப் பார்த்தே இராதவர், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

ஆடிக் கஞ்சிக்கு நாங்கள் கூடும்போது இங்கே குளிர்காலம். கோயில் சிரிங்கா இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மஞ்சள் மணிகளாகக் காய்க் கொத்துகள் மட்டும் தொங்கும். உள்ளே இருக்கும் கொட்டையில் இயற்கையாகவே துளை உண்டு, ஊசி நூலில் கோத்து மாலையாக்கலாம். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே பொறுக்குவார்கள், வாயிலும் வைப்பார்கள். போன ஆடியில் கஞ்சிப் பானை இறங்குவதற்கு முன்பே சித்தி துடைப்பத்தோடு வந்து மரத்தடி முழுவதையும் கூட்டிக்கொண்டிருந்தார். முறத்தில் அள்ளியதைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, “இலை வாங்க வெருலம் போயிருக்கிறார்கள், அங்கே ஒரு வீட்டில் நிஜ வேம்பு இருக்கிறதாம்” என்றார்.